எறும்பு வரவில்லையாம், அதனால் சுகர் இல்லையாம்!

"எனக்கெல்லாம் சுகர் கெடையாது டாக்டர். இருந்தா ஒன்னுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குமே, ஒரு எறும்பு வரலையே!"

விழித்திரையில் ரத்தம் கசிந்து, பார்வை மங்கி வந்து உட்கார்ந்திருப்பவர் இதைச் சொல்கிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை. வாழைக்காய் மண்டிக்காரரும் சொல்கிறார், வங்கி மேலாளரும் சொல்கிறார், பக்கத்தில் நிற்கும் மனைவியும் "ஆமா டாக்டர், நானும் பாத்தேன்" என்று சாட்சி சொல்கிறார். கண் மருத்துவராக இந்த எறும்புக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற நம்பிக்கைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எறும்பை ஒரு வழி பண்ணுவோம்.

இந்தக் கதைக்குப் பழைய வேர் உண்டு. நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனிக்கும், அதை எறும்பு நாடும் என்று நம் பழைய ஆயுர்வேத வைத்தியர்கள் கண்டு எழுதிவைத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையை அளக்க ஒரு கருவியும் இல்லாத காலத்தில் கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அவர்கள் கண்டது முற்றிப்போன நோயை. அதற்கு வெகுகாலம் கழித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசல் வந்தது. சோதனைக் குழாயில் அந்த நீலக் கரைசலோடு சில சொட்டு சிறுநீரை விட்டுச் சூடாக்குவார்கள். பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை, மஞ்சளானால் இன்னும் கூடுதல், செங்கல் நிறத்துக்குப் போனால் ஏராளம். எங்கள் வாத்தியார்கள் காலத்து ஆஸ்பத்திரிகளில் தினமும் நடந்த வேலை இது. நீரிழிவைக் கண்டுபிடிக்க இன்று அதையும் நம்புவதில்லை. காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் கூடவே இறங்குகிறது. இறங்கிய சர்க்கரையை உடம்பு வீணாக்குவதில்லை. வழியில் இருக்கும் நுண்குழாய்கள் அதை உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நுண்குழாய்களால் சமாளிக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. வயதானவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே போய்விடும். ஆனால் நீரிழிவு என்று சொல்வதற்கு வெறும் வயிற்றில் 126 இருந்தாலே போதும். காலையில் 130, சாப்பிட்ட பிறகு 175 என்று ஒருவருக்குத் தினமும் இருக்கிறது என்று வையுங்கள். அவருக்கு நீரிழிவு இருக்கிறது, சிறுநீரில் சர்க்கரை இருக்காது. எறும்பு எங்கிருந்து வரும்?

கணக்கு மறுபக்கமும் தப்பும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்று சில மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதே அவற்றின் வேலை. இதயச் செயலிழப்புக்காகவும் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும், நீரிழிவே இல்லாதவர்களுக்கும் இன்று அவற்றைக் கொடுக்கிறோம். அவர்கள் சிறுநீரில் சர்க்கரை கொட்டும். கர்ப்பிணிகளுக்கு அந்த 180 வரம்பு இறங்கிவிடுவதால், ரத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை தெரியலாம். நோய் உள்ளவரை விட்டுவிட்டு இல்லாதவரைப் பிடிக்கிற சோதனையை எந்த லேபாவது நடத்தினால் நாம் சும்மா இருப்போமா? போதாததற்கு, தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டுக் கழுவிய டைல்ஸ் தரையில் எறும்பைத் தேடுகிறோம்.

எறும்புக்கு அடியில் இன்னொரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. நோய் வந்தால் உடம்பு சொல்லும் என்பது. அடிக்கடி தாகம், இரவில் நாலு தடவை எழுந்து போவது, மடமடவென்று எடை குறைவது, இதெல்லாம் வந்தால்தான் சுகர் என்று ஜனங்கள் வைத்திருக்கிறார்கள். இவை பெரும்பாலும் சர்க்கரை வெகுவாக ஏறிய பிறகு வருபவை. இரண்டாம் வகை நீரிழிவு, மருத்துவர் வாயால் பெயர் சொல்லப்படுவதற்குக் குறைந்தது 4 முதல் 7 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று 1992இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு கணக்கிட்டது. கணக்கிட்டது எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? விழித்திரையை வைத்து. விழித்திரை பாதிப்பு எத்தனை ஆண்டுகளாக வளர்ந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் பார்த்துச் சொன்னார்கள்.

பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரிய நீரிழிவு ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டுச் சேர்ந்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு விழித்திரையில் பாதிப்பு தெரிந்தது. நம் சென்னையில் வீடு வீடாகப் போய்த் தேடிய ஆய்வு 2005இல் வெளியானது. நோய் இருப்பதே தெரியாமல் இருந்து, அந்தத் தேடலில் அகப்பட்டவர்களில் விழித்திரை பாதிப்பு சுமார் 5 சதவீதம். ஊரும் ஆட்களும் வேறு, ஒன்றையொன்று நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் நாம் தேடிப் போய்ப் பிடிப்பதற்கும் நோய் தானாக வந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு எண்களிலும் எனக்குத் தெரிகிறது.

என் அறைக்கு இந்த நோய் எந்தெந்த வேஷத்தில் வருகிறது என்று சொல்கிறேன்.

மிகவும் ஏமாற்றுகிற வேஷம் ஒன்று உண்டு. "அப்பாவுக்கு வயசு அறுபத்தஞ்சு, இப்பக் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறார்" என்று மகன் பெருமையாகச் சொல்வார். நான் சந்தோஷப்பட மாட்டேன், உடனே சர்க்கரை பார்க்கச் சொல்வேன். ரத்தச் சர்க்கரை எகிறும்போது கண்ணின் லென்ஸுக்குள் நீர் புகுந்து அது உப்புகிறது, அதன் திறன் மாறுகிறது. கிட்டப்பார்வைப் பக்கம் சாய்ந்தால் பக்கத்து எழுத்து தெளிவாகிவிடும், தூரத்துப் பேருந்தின் ஊர்ப் பெயர் மங்கிவிடும். கண்புரையின் தொடக்கத்திலும் இதே மாதிரி நடக்கும், அதைக் கண்ணைப் பார்த்தால் பிரித்துவிடலாம். சர்க்கரையை அளக்காமல் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்து மாற்றினால் என்ன ஆகும்? அடுத்த மாதம் அந்தக் கண்ணாடி ஒத்துவராது. கடைக்காரரோடு சண்டை, புதுக் கண்ணாடி, மறுபடி சண்டை. கண்ணாடி பவர் குறுகிய காலத்தில் மாறிக்கொண்டே இருந்தால் கண்ணைவிட ரத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகும் சர்க்கரை நிலைப்பட்டுச் சில வாரங்கள் ஆகும்வரை புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்காதீர்கள்.

இன்னொருவர் காலையில் எழுந்ததும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வருவார். கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஒன்றுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, கண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், அல்லது மேல் இமை தொங்கியிருக்கும். வாதம் என்று எண்ணெய் தேய்க்கப் போய், பத்து நாள் கழித்து வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் நீரிழிவும் ரத்த அழுத்தமும் செய்கிற வேலை இது, சில மாதங்களில் தானே சரியாகும். ஆனால் மூளை ரத்தக் குழாய் வீக்கம் போன்ற ஆபத்தும் இதே முகத்தோடு வரலாம் என்பதால் அன்றே வந்தாக வேண்டும். இமையில் திரும்பத் திரும்பக் கட்டி, கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை, இவற்றில் மாட்டியவர்களும் உண்டு. அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வந்து, "சுகர் கூடுதலா இருக்கு, இப்ப முடியாது" என்று கேட்டதும் எங்கள் மீது பாய்வார்கள். அந்த லேப் சீட்டு அவருக்குச் செய்த நன்மை கண்புரை அறுவையைவிடப் பெரிது.

கண்ணை விட்டு வெளியே வந்தால் வாசல்கள் ஏராளம். அந்தரங்க இடத்தில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டே பல மாதங்கள் ஓட்டுவார்கள். கையைத் தூக்கிச் சட்டை போட முடியாத அளவுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது. ஈறு வீங்கிப் பல் ஆடுவது. காலில் செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது. காசநோய்: நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல், ஆகவே காசநோயாளி எல்லோருக்கும் சர்க்கரையும் பார்க்கிறது அரசுத் திட்டம். கழுத்தின் பின்புறம் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருப்பதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளின் தோல் சிவக்கத் தேய்க்கும் தாய்மார்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் காட்டும் அடையாளமாக இருக்கலாம்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். இனிப்பே தொடமாட்டேன், எனக்கு வராது? மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையும் சர்க்கரையாகத்தான் மாறுகின்றன. ஒல்லியானவருக்கு வராது? நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்தும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினாலே எச்சரிக்கை. வெறும் வயிற்றில் நார்மல், அதனால் ஒன்றுமில்லை? காலையில் ஒழுங்காக இருந்து சாப்பிட்ட பிறகு எகிறுபவர்கள் நம்மிடம் நிறைய, இரண்டு தடவையும் பாருங்கள். புண் சீக்கிரம் ஆறுகிறது என்பது தொடக்க கட்டத்தில் எதையும் நிரூபிக்காது. பிரசவத்தோடு வந்த சுகர் பிரசவத்தோடு போய்விடும் என்று மாமியார்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு, பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு தடவை, பிறகு தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி என்றது, அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னொரு 13.6 கோடி. பெரியவர்களில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். இவ்வளவு பேரையும் தற்செயலாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா?

அதனால் நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கேயும் கேட்கிறேன். ஏழை பணக்காரன் பார்க்காமல், நோயாளி ஆரோக்கியசாலி பார்க்காமல், 40 வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத ஆளும் ஊசியில் நூல் கோக்க முடியாமல், செல்போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, ஒருநாள் கண்ணாடி தேடிக் கிளம்புகிறார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அரசுக்குக் கிடைக்குமா? நாம் என்ன செய்கிறோம்? பேருந்து நிலைய நடைபாதையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடுகிறோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்கும் ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு கண் முகாமிலும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் ஏற்பாடு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் வீடுதேடிப் போகத் தொடங்கிய அரசுக்கு, மக்கள் தாங்களே தேடி வரும் கண்ணாடிக் கடை ஏன் கண்ணில் படவில்லை?

அது வரும்வரை நீங்களே செய்யலாம். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். விரல் சோதனையில் கூடுதலாக வந்தால் பயந்து எதையும் தொடங்காதீர்கள், லேபில் ரத்த நாளத்திலிருந்து எடுத்து உறுதி செய்யுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இரண்டு முடிவுகள் தப்பாக வந்தால்தான் நீரிழிவு என்போம். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி, எல்லையில் இருந்தால் ஆண்டுதோறும்.

நீரிழிவு என்று உறுதியானால் மாத்திரைச் சீட்டோடு அந்த மாதமே கண்ணுக்கும் வாருங்கள், பார்வை தெளிவாக இருந்தாலும் வாருங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்போம். சில மணி நேரம் கண் கூசும், பக்கத்து எழுத்து தெரியாது. பைக்கில் தனியாக வராமல், வீட்டில் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு வாருங்கள்.