தலையிலாக் களஞ்சியமும் முகப்பும்: விழா மலரை இணையத்தில் ஏற்றும் முறை

கல்லூரி மலர் ஒன்று கையிற் கிடைத்தவுடன் பழைய மாணவர் பெரும்பாலோர் முதலிற் செய்வது யாது? வாழ்த்துரைகளை வாசிப்பதன்று, தம் பெயர் எப்பக்கத்தில் அச்சாகியிருக்கின்றது என்று தேடுவதே. இதனைக் குறையெனக் கூறேன். லயத்து அறையிலே குப்பி விளக்கின் முன்னிருந்து படித்தவனுக்கு அச்சேறிய தன் பெயர் சிறிய பேறன்று. ஆயின் அத்தாள் எத்தனை காலம் நிலைக்கும்? பசறைக்கும் பிபிலைக்கும் இடையே மலைச்சரிவில் அமைந்த நம் லுணுகலையின் ஈரமும் கறையானும் புத்தகத்துக்கு நட்புடையன அல்ல. அன்றியும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் ஊவாத் தோட்டங்களை விட்டுக் கடல் கடந்தோர் பலர். அவர்தம் பிள்ளைகள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு தந்தையின் பெயரைத் தேட விரும்பின், நம் நூலக அலுமாரியிலுள்ள ஒரு பிரதியால் அவர்க்குப் பயனென்ன?

மலரை இணையத்தில் ஏற்றிவிட்டால் இக்குறை தீருமென்பர். தீரும், ஆனால் அஃது ஏற்றும் முறையைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் இணையத்தளத்தைத் திருத்தும் பணி என்னிடம் வந்தது. அதிலே கட்டுரையும், அதற்கு இட்ட நிறமும், கட்டமும், எழுத்தின் பருமனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கைத்தொலைபேசியில் தளம் ஒழுங்காகத் தோன்றவில்லை. தோற்றத்தை மாற்றப் புகுந்தால் கட்டுரை சிதைந்தது. முடிவில் ஒவ்வொரு பக்கத்தையும் கையாலே பெயர்த்தெடுக்க நேர்ந்தது. அப்பொழுது விடுபட்ட படவிளக்கங்களை இன்றும் மீட்க முடியவில்லை.

நல்வழி நம் மொழியில் முன்னரே உண்டு. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைத் திஸ்கிக் குறியேற்றத்தில் வெளியிட்டனர். ஒருங்குறி பரவியபோது அவற்றையே ஒருங்குறிக்கு மாற்றினர். நூற்பாடம் அலங்காரத்தோடு ஒட்டாது எளிமையாய் இருந்தமையால் அம்மாற்றம் இயன்றது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் கட்டுரை ஓரிடத்திலேயே சேமிக்கப்படுகின்றது. கணினித் திரையும் கைத்தொலைபேசிச் செயலியும் அதனையே வெவ்வேறு கோலத்திற் காட்டுகின்றன.

இவ்வாறு எழுத்தைத் தனியே வைத்து, தோற்றத்தைத் தனியே அமைக்கும் உள்ளடக்க முகாமை முறைக்கு ஆங்கிலத்தில் ‘தலையற்றது’ எனப் பொருள்படும் பெயரிட்டுள்ளனர். பேய்க்கதைகளில் வரும் முண்டத்தை நினைவூட்டும் பெயர்! இங்கே தலையென்றது வாசகன் காணும் முகப்பை. நம் ஊரார்க்கு இதனை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே போதும். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தபின் தொழிற்சாலை அதனை அலங்காரமின்றிப் பெரும் பொதிகளிலிட்டுக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்புகின்றது. வாங்கியவர் தகரப்பேணியில் அடைப்பினும் சிறு பைகளில் இடினும் தொழிற்சாலைக்கு அதனால் மாற்றமில்லை. பேணியின் படம் பழையதாயின் படத்தை மாற்றலாம். அதற்காகக் கொழுந்தை மீண்டும் பறிக்க வேண்டுவதில்லை.

களஞ்சியமாக ஸ்ட்ராப்பி என்னும் மென்பொருளைக் கொள்வோம். வேர்ட்பிரஸ் முன்னரே உடையோர் அதனைக் கைவிட வேண்டா. 2016 திசெம்பரில் வந்த 4.7ஆம் பதிப்பு முதல் அதுவும் தன் உள்ளடக்கத்தை இவ்வாறு வழங்கவல்லது. முகப்புக்கு, 2013இல் வெளிவந்த ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின்மேல் எழுந்த நெக்ஸ்ட் சட்டகத்தைக் கொள்வோம். இரண்டுக்குமிடையே ஏ.பி.ஐ. எனப்படும் வாயில் உண்டு. முகப்பு அவ்வாயிலிற் கேட்கும். களஞ்சியம் ஜேசன் என்னும் வடிவில், ‘தலைப்பு இது, எழுதியவர் இவர்’ எனப் பெயரும் மதிப்புமாக விடையளிக்கும்.

வேலையின் பெரும்பகுதி கணினியைத் தொடுமுன் தாளிலே நடைபெற வேண்டும். கட்டுரை என்னும் வகைக்கு எவ்வெப் புலங்கள் வேண்டும்? தலைப்பு, உடற்பகுதி, படம், படவிளக்கம், மலர் வெளியான ஆண்டு. எழுதியவர் பெயரைக் கட்டுரைக்குள் வெறும் எழுத்தாக இடுதல் தவறு. அவரை வேறொரு பதிவாக்கிக் கட்டுரையோடு பிணைத்தல் வேண்டும். அவர் மூன்று மலர்களில் எழுதியிருப்பின் மூன்றும் ஒருங்கே கிட்டும். ஊர்ப்பெயரும் அவ்வாறே. நம் ஊரை லுணுகலை என்றும், லுணுகல என்றும், லுனுகலை என்றும் எழுதுவர். ஊரைத் தனிப்பதிவாக்கி மாற்று வடிவங்களை அதனுள்ளே குறித்து, தேடல் அவற்றையும் நோக்குமாறு அமைத்தால், எவ்வடிவத்தில் தேடுவோரும் ஓரிடத்தையே அடைவர். தோட்டங்களுக்கு இஃது இன்னும் இன்றியமையாதது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயரொன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரொன்று உண்டன்றோ?

இனி இணைப்பு. கற்போர் இடறும் இடங்களை மட்டும் கூறுகின்றேன். வாயில் முதலிற் சாத்தியே இருக்கும். 403 என்னும் மறுப்பெண் வரின் அஞ்ச வேண்டா. பொதுமக்களுக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் அளிக்க. எழுதும் உரிமையை அளிக்கற்க. அடுத்து, கட்டுரை வரும், எழுதியவர் வாரார். பிணைத்த பதிவுகளைப் ‘பாப்புலேட்’ என்னும் சொல்லாற் கேட்டாலன்றி ஸ்ட்ராப்பி தருவதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் ‘ஃபெட்ச்’ என்னும் கட்டளையோ 404 வந்தாலும் பிழையென்று நிற்காது. விடை நலமாய் வந்ததா என்பதை நாமே சோதித்தறிய வேண்டும். இரகசியத் திறவுகோல் வேண்டுமாயின் அதனைச் சேவையகத்தில் வைக்க. உலாவிக்குச் செல்லும் நிரலில் வைத்தால் ஊரறியும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அது பிழையறிவிப்பே தராதது. பட்டியலைக் கேட்டால் ஸ்ட்ராப்பி இயல்பாக இருபத்தைந்து பதிவுகளையே தரும். மலரில் அறுபது கட்டுரையாளர் இருப்பினும் முகப்பில் இருபத்தைவர் அழகாய்த் தோன்றுவர். செய்தவன் மகிழ்ந்து உறங்கச் செல்வான். இருபத்தாறாமவரோ தூரதேசத்திலிருந்து தம் பெயரைத் தேடிக் காணாமல், கல்லூரி தம்மை மறந்ததென எண்ணுவார். ஆதலின் விடையோடு வரும் மொத்த எண்ணிக்கையை நோக்கி, பக்கம் பக்கமாக இறுதிவரை கேட்டு முடித்தல் வேண்டும். எண்ணிப் பாராத பட்டியலை வெளியிடுவதினும் வெளியிடாமை நன்று என்பது என் துணிபு.

எப்பொழுது கேட்பது என்பதும் ஆராயத்தக்கது. வாசகனின் உலாவியே களஞ்சியத்தைக் கேட்குமாறு அமைக்கலாம். ஆனால் மடுல்சீமைப் பக்கத்து மலைமடிப்பிலே அலைவரிசை ஒரு கோடாய்த் தேயும் இடத்தில் அவன் சுழலும் வட்டத்தையே கண்டிருப்பான். மலர் நாளேடன்று, நாள்தோறும் மாறுவதில்லை. எனவே நெக்ஸ்ட் சட்டகத்தால் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே கட்டி வைத்தலே தக்கது. களஞ்சியத்தில் திருத்தம் நிகழும்போது ‘வெப்ஹூக்’ என்னும் அறிவிப்பு பக்கங்களைப் புதுப்பிக்கச் செய்யும்.

ஆங்கிலப் பாடநூல்கள் கூறாது விடும் இடர் ஒன்று தமிழுக்கு உண்டு. ‘லுணுகலை’ என்பதில் நாம் காண்பது நான்கெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது ஏழு; ஏனெனில் உயிர்க்குறிகளை அது தனித்தனி எண்ணும். முதல் மூன்றை வெட்டியெடுத்தால் ‘லுண’ என நிற்கும். ஆறினை வெட்டினால் ‘லுணுகல’ எனச் சிங்கள வழக்கே வந்துவிடும். உப்பு, கல் என்னும் பொருளுடைய அம்மொழிச் சொற்களாலாய பெயருக்கு அது பொருத்தமே எனினும், நாம் கேட்டது அதுவன்று! முகப்பிற் சுருக்கம் காட்டுவோர் எழுத்தெல்லை அறிந்து பிரிக்கும் ‘செக்மென்டர்’ கருவியைக் கையாள்க. அகரவரிசையும் அவ்வாறே. குறியெண்படி அடுக்கினால் ‘பழம்’ முன்னும் ‘பவளம்’ பின்னும் வரும். வகரத்தின்பின் ழகரம் என்பது நம் நெடுங்கணக்கு. தமிழ் ஒழுங்கென வெளிப்படையாகக் குறித்து ஒப்பிடச் செய்தால் வரிசை செம்மையுறும்.

களஞ்சியமும் ஒருநாள் மாறும். ஸ்ட்ராப்பியின் நான்காம் பதிப்பு புலங்களை ஓர் உட்கூட்டில் அடைத்துத் தந்தது. ஐந்தாம் பதிப்பு அக்கூட்டை நீக்கிற்று. முகப்பெங்கும் அவ்வடிவத்தை நம்பி எழுதியோர் எங்கும் திருத்த வேண்டியதாயிற்று. வருகின்ற விடையை நம் வடிவுக்கு மாற்றும் வேலையை ஒரே கோப்பில் அடக்கினால், திருத்தமும் அவ்வொரு கோப்போடு முடியும்.

மாணவர்க்குப் பயிற்சி: இம்மலரின் பொருளடக்கத்தை எடுத்துக் கட்டுரை, எழுதியவர், ஊர் என்னும் மூவகைப் பதிவுகளாகத் தாளிற் பிரித்தெழுதுக. பின்பு களஞ்சியத்தில் இட்டு, முகப்பிலே தோன்றும் பெயர்களை அச்சுப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எண்ணுக. எண்ணிக்கை ஒத்தபின் ஜேசன் படியொன்றை எடுத்து நூலகப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்க.