"லைஃப்டைம் கியர் ஆயில்"னு சொன்னாங்களா? யாரோட லைஃப்டைம்னு கேளுங்க!



மண்ணூர்ல பிரஸ் பார்ட்ஸ் யூனிட் நடத்துற என் கிளையன்ட் ஒருத்தர், போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ எம்340ஐ பார்த்துட்டு வந்தார். 2021 மாடல், 82,000 கி.மீ. ஓடினது. "சார், கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினீங்களான்னு கேட்டேன். அது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்னுட்டார். ஒரு செலவு மிச்சம்"னு சந்தோஷமா சொன்னார்.

பையனோட காலேஜ் ஃபீஸுக்குப் போட்டு வெச்ச எஃப்.டி.யில பாதியை உடைச்சுதான் வண்டி வாங்கறதா பிளான். "அண்ணே, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உட்காருங்க"ன்னேன். அன்னைக்கு அவருக்குப் போட்டுக் காட்டின கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல வண்டியைப் புரிஞ்சுக்கலாம்

எம்340ஐ நம்ம ஊர் வண்டிதான். மண்ணூர்ல இருந்து ஒரகடம் வழியா சிங்கபெருமாள்கோவில் ரோடு பிடிச்சுப் போனா வர்ற மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம், 2007-ல ஆரம்பிச்ச பி.எம்.டபிள்யூ ஆலையில அசெம்பிள் ஆகுது. 2021 மார்ச்ல அறிமுகமாச்சு. 387 குதிரைசக்தி. எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கிறது இசட்.எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஆயிலுக்கு வழுவழுப்பு குடுக்கிற வேலை மட்டும் இல்ல. கியர் மாத்துற கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிக்கிறது அந்த ஆயிலோட பிரஷர்தான். சூட்டை வெளியே கொண்டுபோறதும் அதுதான். கிளட்ச் தேயும்போது வர்ற துகள்களும் அதுலதான் கலக்குது. சூடு ஏற ஏற ஆயிலோட தன்மை குறையும். பூந்தமல்லி நெரிசல்ல ஒரு மணி நேரம் ஊர்ந்துட்டு, அப்புறம் பெங்களூரு ஹைவேல மிதிச்சா, கியர்பாக்ஸ் படுற பாட்டை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அப்போ "லைஃப்டைம்"னா என்ன?

கார் கம்பெனியோட வழக்கமான சர்வீஸ் பட்டியல்ல இந்த ஆயில் இருக்காது. ஆனா கியர்பாக்ஸைச் செஞ்ச இசட்.எஃப் என்ன சொல்றாங்க தெரியுமா? 80,000-ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லேன்னா 8 வருஷத்துல, எது முதல்ல வருதோ அப்போ மாத்துங்கன்னு பரிந்துரைக்கிறாங்க. வேகமா, சூடா ஓடுற வண்டிக்கு இன்னும் சீக்கிரம்.

இதுல முரண்பாடு இல்ல. வாரன்டி முடிஞ்சதும் விக்கிற முதல் ஓனருக்கு அது நிஜமாவே லைஃப்டைம் ஆயில். அவர் மாத்தாம விட்ட செலவு, ரெண்டாவது ஓனர் தலையில வந்து உட்காருது. நம்ம அண்ணன்தான் அந்த ரெண்டாவது ஓனர்!

கணக்கு போடலாமா?

கீழே உள்ள தொகை எல்லாம் உதாரணத்துக்கு. நீங்க ரெண்டு இடத்துல எழுத்துல கொட்டேஷன் வாங்கி அதைப் போட்டுக்கங்க.

ஆயில் மாத்த 60,000 ரூபாய்னு வைங்க. 80,000 கி.மீ.க்கு ஒரு தடவைன்னா, கி.மீ.க்கு 75 பைசா. வருஷம் 12,000 கி.மீ. ஓட்டினா 9,000 ரூபாய், அதாவது மாசம் 750 ரூபாய். இந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல.

இப்போ எதிர்ப்பக்கம். கியர்பாக்ஸ் போய் 6 லட்சம் செலவாகும்னு வைங்க. 60,000-ங்கறது அதுல 10 சதவீதம். ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போற வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிக்கு மேல குறையும்னு நீங்க நினைச்சா, மாத்தறது லாபம். அடுத்த வருஷமே விக்கப் போறவருக்கு இந்தக் கணக்கு மாறும். அண்ணன் ஆறு வருஷம் வெச்சுக்கப் போறேன்னார். அப்போ பதில் தெளிவு.

பில்லுல என்ன இருக்கணும்?

"ஆயில் சேஞ்ச்"னு ஒரே வரியில பில் குடுத்தா ஏத்துக்காதீங்க.

1. அந்த கியர்பாக்ஸுக்கு அனுமதிக்கப்பட்ட ஆயிலோட பேரும் எத்தனை லிட்டர்னும் இருக்கணும். இசட்.எஃப்-ன் எட்டு கியர் பாக்ஸுக்கு அவங்களோட லைஃப்கார்டு ஃப்ளூயிட் 8 உண்டு.
2. அடியில இருக்கிற பிளாஸ்டிக் ஆயில் பேன். ஃபில்டர் அதுக்குள்ளேயே இருக்கு, அதனால முழுசா மாத்தணும்.
3. வண்டி சமமா நிக்கணும், இன்ஜின் ஓடணும், ஆயில் சூடு 30-50 டிகிரிக்குள்ள இருக்கும்போது லெவல் பார்க்கணும். ஸ்கேனர் இல்லாத கடைக்குப் போகாதீங்க.
4. நாலு வீலுக்கும் சக்தி பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் தனி. அதையும் கேளுங்க.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணு இல்ல. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230-ல இருக்கிற ஆறு கியர் டி.எஸ்.ஜி.க்கு 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்தணும். ஆயிலும் வேற.

"கம்பெனி பேர்ல வாங்கிடலாமா சார்?"

அடுத்து இதைத்தான் கேட்டார். இந்த மாதிரி பயணிகள் காருக்கும் அதோட ரிப்பேருக்கும் கட்டின ஜி.எஸ்.டி.யை, அவரை மாதிரி உற்பத்தித் தொழில்ல இருக்கிறவங்க பொதுவா திரும்ப எடுக்க முடியாது. வருமான வரியில 15 சதவீதத் தேய்மானமும் ரிப்பேர் செலவும் காட்டலாம், ஆனா தொழிலுக்கு ஓடின பங்குக்கு மட்டும். சம்பளக்காரங்களுக்கு அதுவும் கிடையாது.

இன்னொண்ணு. நாளைக்கு வரப்போற மெயின்டெனன்ஸுக்கு இன்னைக்கே ப்ரொவிஷன் போட கம்பெனிக் கணக்குல அனுமதி இல்ல. ஆனா வீட்டுக் கணக்குல கண்டிப்பா போடணும். தனியா ஒரு ஆர்.டி. போதும். ஆயில், டயர், பிரேக், இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டி 12-ஆல வகுத்து, மாசாமாசம் கட்டிட்டே வாங்க.

கடைசியா

60,000 ரூபாய் செலவுன்னு கேட்டதும் நெஞ்சு படபடக்குதா? அப்போ பிரச்சினை ஆயில் இல்ல. அந்த வண்டியே இன்னும் நம்ம பட்ஜெட்ல இல்லன்னு அர்த்தம். விலை குறைஞ்சு செகண்ட் ஹேண்ட்ல வந்தாலும், பராமரிப்புச் செலவு புது வண்டி விலைக்கு ஏத்த மாதிரிதான் வரும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் விக்கிறவருக்கு போன் போட்டு, "ஆயில் செலவை விலையில கழிச்சுக்குங்க, ரெண்டு மாசம் டைம் குடுங்க"ன்னார். பெரிய கஸ்டமர்கிட்ட இருந்து வரவேண்டிய பாக்கி வந்தா அதுல வாங்கலாம், எஃப்.டி.யைத் தொட வேண்டாம்னு முடிவு. விக்கிறவர் இன்னும் பதில் சொல்லல. வண்டி கைவிட்டுப் போகலாம். பையன் ஃபீஸ் பத்திரமா இருக்கு.

உங்க வண்டிக்கும் கி.மீ.க்கு எவ்வளவுன்னு இன்னைக்கே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!