குடிக்கும் பானத்தில் பூச்சிமருந்து: சோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

கோடையில் நாம் நெமிலிச்சேரியில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்குக் கேன் தண்ணீர், நன்னாரி சர்பத் எல்லாம் வெளியில்தான் வாங்குகிறோம். வழிப்போக்கர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நம்மை நம்பிக் குடிக்கிறார்கள். உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்பது நாம் மதரஸாவில் படித்த பாடம். ஆனால் இந்த அளவுகளில் பூச்சிமருந்து எச்சம் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும்.

2003-ல் நடந்தது

டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2003 பிப்ரவரியில் பாட்டில் தண்ணீரையும், ஆகஸ்டில் 12 குளிர்பானங்களையும் சோதித்து முடிவை வெளியிட்டது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவை அவற்றில் இருந்தன. கம்பெனிகள் மறுத்தன. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்து, எச்சம் இருந்தது உண்மையே என்று 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. இந்தச் சர்ச்சையின் பலனாகப் பாட்டில் தண்ணீருக்குக் கடுமையான அளவு வந்தது: லிட்டருக்கு ஒரு மருந்து 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 மைக்ரோகிராம்.

0.1 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 800-க்கு மேல் நிறுத்தி, அத்தனைக்கும் சேர்த்து ஒரு கிராம் கலந்தது போல!

சோதனை எப்படி?

மாதிரியை ஒரு கரைப்பானோடு குலுக்கி மருந்தைப் பிரித்தெடுப்பார்கள். பிறகு சர்க்கரை, நிறம், கொழுப்பு போன்றவற்றை நீக்குவார்கள். கடைசியில் குரோமட்டோகிராஃப் கருவி ஒவ்வொரு பொருளையும் பிரிக்க, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை அடையாளம் காணும்.

தண்ணீரைச் சோதிப்பது எளிது. சர்பத்தும் மூலிகைச் சாறும் கடினம். அவற்றின் நிறமும் வாசனை எண்ணெயும் கருவியைக் குழப்பும். ஆகவே தெரிந்த அளவு மருந்தைத் தாங்களே மாதிரியில் கலந்து, அது சரியாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இன்னொன்று: லிண்டேன், டி.டி.டி. போன்றவை எண்ணெயில் கரைபவை. விதையில் அவை இருந்தால், பிழிந்தெடுக்கும் எண்ணெயில் இன்னும் செறிவாகச் சேரலாம். கருஞ்சீரக எண்ணெய் வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

1. சோதனைக்கூடத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா? இந்தச் சோதனைக்கும் அது பொருந்துமா?
2. எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள்? தேடாதது அறிக்கையில் வராது.
3. 'கண்டறியப்படவில்லை' என்றால் 'அறவே இல்லை' என்று பொருளல்ல. கருவி காணும் அளவுக்குக் கீழே என்றுதான் பொருள். அந்த அளவு எழுதியிருக்கிறதா?
4. தேதியும் பேட்ச் எண்ணும் நமக்கு வரும் சரக்கோடு பொருந்துகின்றனவா?

வீட்டில்

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பூச்சிமருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி பெருமளவு பிடிக்கும், காலத்தில் மாற்றினால். ஜூஸ் போடும் பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கேனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள்.

இனி பந்தலுக்குச் சரக்கு தருவோரிடம் விலைப்பட்டியலோடு சோதனை அறிக்கையையும் கேட்கிறோம். அறிக்கை தராதவரிடம், விலை குறைவானாலும், வாங்குவதில்லை. உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வாங்கும்போதும் இப்படிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் தன் கம்பெனியிடம் கேட்பார், இன்ஷா அல்லாஹ்.