அப்பள டின்னும் ஐ.சி. பையும்

ஆடி, ஆவணி மாதங்களில் டாக்குரியாவில் குடியிருப்பவர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது. ஊரிலிருந்து வந்த அப்பளக் கட்டை நம் வீட்டுப் பெண்கள் டின்னில் போட்டு இறுக மூடி வைக்கிறார்கள். மறந்து திறந்து வைத்தால் நான்கே நாளில் நமுத்துப் போகிறது.

அப்பளத்திற்குக் காட்டும் இந்தக் கவனத்தை, விலை உயர்ந்த ஐ.சி. சில்லுகளுக்குக் காட்ட நான் ஒருமுறை தவறிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் என்று வேலைக்கும் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

நான் டிப்ளமா படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு பணிமனையில் மின்சுற்று அட்டைகளைப் பழுது பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு ஜூலை மாதம் இருப்புக் கணக்கெடுப்பு வந்தது. "எல்லாப் பையையும் பிரித்து எண்ணுங்கள்" என்று உத்தரவிட்டேன். எண்ணி முடித்து, பையின் வாயை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து அலமாரியில் வைத்தோம். செப்டம்பரில் அந்தச் சில்லுகளைச் சூடான காற்றுக் கருவியால் அட்டைகளில் பொருத்தினோம். சோதனை மேசையில் அனைத்தும் தேறின. ஆனால் சில வாரங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிக்னலில் கோளாறு வந்தால் சிவப்பு விளக்கே எரிய வேண்டும் என்பது விதி. ஆகவே ஆபத்து ஏதுமில்லை. வண்டிகள்தாம் நின்றன. சால்டரிங் செய்த இளைஞரைப் பத்துப் பேர் முன்னிலையில் "உன் கை சரியில்லை" என்று கடிந்துகொண்டேன்.

கை சரியாகத்தான் இருந்தது. காரணத்தைப் பார்ப்போம்.

ஈரம் செய்யும் வேலை

சில்லின் கறுப்பு உடல் ஒருவகைப் பிளாஸ்டிக். பார்வைக்குக் கல் போலிருந்தாலும் காற்றிலுள்ள நீராவியை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது. பொருத்தும்போது வெப்பம் சில நிமிடங்களில் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுகிறது. 2006 ஜூலை முதல் ஐரோப்பியச் சட்டத்தால் பரவிய காரீயம் இல்லாத சால்டருக்கு 260 டிகிரி வரைகூடப் போகும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது.

ரயில்வே கணக்கில் சொல்கிறேன். சித்தரஞ்சனில் தயாரான நம் பழைய டபிள்யூ.ஜி. நீராவி எஞ்சினின் கொதிகலன் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ. 220 டிகிரியில் நீராவி எட்டக்கூடிய அழுத்தம் சுமார் 24 கிலோ. 260 டிகிரியில் சுமார் 48 கிலோ. நகக்கண் அளவுச் சில்லு இதைத் தாங்குமா? பிளாஸ்டிக்குக்கும் உள்ளிருக்கும் சிலிக்கனுக்கும் இடையே ஒட்டு விடுகிறது. சில சமயம் உடலே 'பட்' என்று வெடிக்கிறது. இதற்குத் தொழிலில் 'பாப்கார்ன்' என்றே பெயர். விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் மறைந்திருக்கும். உள்ளே முடி போன்ற கம்பி பாதி விட்டும் பாதி ஒட்டியும் நின்றால், சோதனையில் தேறிப் பிறகு காலை வாரும். எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பையில் என்ன இருக்கிறது?

முறையான உலர் பொட்டலத்தில் நான்கு அங்கங்கள் உண்டு.

1. அலுமினியத் தகடு சேர்ந்த கனமான பை. வாயை வெப்பத்தால் ஒட்டியிருப்பார்கள். இளஞ்சிவப்புப் பாலிதீன் பையும், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளி நிறப் பையும் நிலைமின்சாரத்திற்கானவை. அவற்றை ஈரத்திற்கு நம்பக் கூடாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

2. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம். சிலிக்கா ஜெல் அல்லது ஒருவகைக் களிமண். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

3. ஈரம் காட்டும் அட்டை. 5, 10, 60 சதவீதம் என்று வட்டங்கள் இருக்கும். வழக்கமான அட்டையில் நீலம் என்றால் உலர்வு. இளஞ்சிவப்பு என்றால் ஈரம்.

4. எச்சரிக்கைச் சீட்டு. மூடிய தேதியும், திறந்தபின் எவ்வளவு நேரத்திற்குள் பொருத்த வேண்டும் என்பதும் இதில் இருக்கும்.

அமெரிக்க அமைப்புகளான ஐ.பி.சி.யும் ஜெடெக்கும் வகுத்த தர வரிசைப்படி, மூன்றாம் நிலைச் சில்லுக்குத் திறந்தபின் 168 மணி நேரம். நான்காம் நிலைக்கு 72. ஐந்தாம் நிலைக்கு 48. ஆறாம் நிலையைச் சூடாக்கி உலர்த்தாமல் பொருத்தவே கூடாது.

கல்கத்தாவாசிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மணிக்கணக்கு 30 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்திற்கு மேற்படாத அறைக்கு உரியது. மழைக்காலத்தில் ஜன்னல் திறந்த நம் அறையில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே 168 மணி என்பது 168 மணி அன்று.

நேரம் கடந்துவிட்டால்?

வெயிலில் வைப்பதும், தலைமுடி உலர்த்தும் கருவியும், அடுப்படி அவனும் உதவா. இதற்குரிய அவனில் 125 டிகிரியில் உலர்த்த வேண்டும். தடிமனையும் நிலையையும் பொறுத்துச் சில மணி முதல் இரண்டு நாள் வரையிலும், பெரியவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். சுருள் நாடாவிலும் பிளாஸ்டிக் குழாயிலும் வரும் சில்லுகளை அப்படியே வைத்தால் நாடாவும் குழாயும் உருகும். அவற்றை 40 டிகிரியில், மிக வறண்ட காற்றில் வைக்கலாம். நாட்கணக்கில், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

எல்லாவற்றிலும் எளிது, எண்ணுவதற்காகப் பையைத் திறக்காமல் இருப்பது. எண்ணிக்கை வெளிச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது!

எனக்கு இது விளங்கியது, காலிப் பையைக் குப்பையில் போடப் போகும்போது. சீட்டில் '168 மணி' என்றிருந்தது. நாங்கள் திறந்து ஏறக்குறைய 60 நாளாகியிருந்தது. அந்த இளைஞரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் கடிந்தது பத்துப் பேர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்டதோ கதவைச் சாத்திக்கொண்டு. அது இன்றும் உறுத்துகிறது. ஆகவே இங்கே எல்லோரும் படிக்க எழுதுகிறேன்: தவறு அவர் கையில் இல்லை, என் உத்தரவில் இருந்தது.

பிள்ளைகளே, பையைப் பிரிக்குமுன் சீட்டைப் படியுங்கள்.