சர்க்யூட் வகை டேபிளில் இருக்கட்டும்

தொலைத்தொடர்பு சர்க்யூட்டுகளின் பதிவுகளைப் பராமரிக்கும் மென்பொருள் எழுத வருகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். லீஸ்டு லைனுக்கு ஒரு கிளாஸ், எம்பிஎல்எஸ்ஸுக்கு ஒரு கிளாஸ், டார்க் ஃபைபருக்கு இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்றதும் மனம் இன்ஹெரிட்டன்ஸ் பக்கம்தான் ஓடுகிறது. ஆபரேட்டர் புதிய சேவை ஒன்றைக் கொண்டுவந்தால் போதும், கோடைத் திருத்தி, சோதித்து, மறுபடி சர்வரில் ஏற்ற வேண்டும். டேபிளில் ஒரு வரி சேர்த்தால் முடிகிற வேலை இது.

சர்க்யூட்டுக்கு ஒரு கிளாஸ், வகைக்கு ஒரு கிளாஸ், இரண்டையும் இணைக்க ஒரு ஃபாரின் கீ. இவ்வளவு போதும். 2016இல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த நெட்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பதிவு மென்பொருள், பைத்தானின் ஜாங்கோவில் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அதன் மாடல்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வகையில் பெயர், ஸ்லக், விளக்கம் போன்றவைதான் உண்டு. வேகம் சர்க்யூட்டிலேயே கிலோபிட் கணக்கில் பதிவாகிறது.

இந்தப் பிரிவினை முக்கியமானது. '100 எம்பி எம்பிஎல்எஸ்' என்று வகைக்குப் பெயர் வைத்தால், இணைப்பை 200க்கு உயர்த்தும் அன்று வகையையே மாற்ற நேரும். ஈ1 போன்ற லைன்களில் வேகம் தரநிலையிலேயே நிலைத்தது: 64 கிலோபிட் வீதம் 32 டைம்ஸ்லாட், மொத்தம் 2.048 எம்பிபிஎஸ். அங்கும் வேகத்தைத் தனி எண்ணாகவே பதியச் சொல்வேன். பெயரைக் கூட்ட முடியாது, எண்ணைக் கூட்டலாம்.

நீக்குவதில் கண்டிப்பு வேண்டும். ஃபாரின் கீயில் கேஸ்கேட் போட்டிருந்தால், ஒரு வகையை அழிக்கும்போது அதிலுள்ள சர்க்யூட்டுகள் அத்தனையும் கூடவே போய்விடும். நள்ளிரவில் லைன் விழுந்தால் ஆபரேட்டரிடம் சொல்லவேண்டிய சர்க்யூட் எண்ணும் அதோடு போயிருக்கும். ஜாங்கோவில் அதற்குப் பதில் ப்ரொடெக்ட் போடுங்கள்.

வகைப் பெயரைச் சீராக்கும் வேலைக்கு சேவ் மெத்தடை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல்க் கிரியேட் மூலம் மொத்தமாக ஏற்றும்போது ஜாங்கோ அந்த மெத்தடை அழைப்பதே இல்லை. போஸ்ட்கிரெஸின் சாதாரண யுனிக் விதியோ பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே பார்க்கும். ஆங்கிலத்தில் இரு விதமாக எழுதிய ஒரே 'லீஸ்டு லைன்' இரண்டு வகையாக நின்றுவிடும். பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றி, அதன்மேல் யுனிக் இண்டெக்ஸ் போட வேண்டும். டேபிள் காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பதிவுகள் சேர்ந்தபின் என்றால், இரட்டைப் பெயர்களைக் களைந்து முடிக்கும்வரை டேட்டாபேஸ் அந்த இண்டெக்ஸை ஏற்காது.