நுரையீரல் ஆய்வுக்கு வரும் இளையோருக்கு ஏழு அறிவுரைகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நோய் எதிர்ப்பாற்றலையும் சுவாச நோய்களையும் ஆராயப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளே, 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் (ஐ.எம்.ஆர்.) நூற்றாண்டைக் கடந்த ஆய்வு மரபை நமக்குத் தந்திருக்கிறது. அதைத் தொடரப்போகும் உங்களுக்கு இந்த மூத்தவனின் சொற்கள் உதவட்டும்.

1. கேள்வியை மக்கள் மூச்சுவிடும் இடத்தில் தேடுங்கள். 2005 புகைமூட்டத்தின்போது, ஆகஸ்ட் 11 அன்று, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன், 1997 புகைமூட்டத்தின்போது சிங்கப்பூரில் 30 இளம் படைவீரர்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து கூடுதலாக வெளிவந்திருந்தன. புகையின் பாதிப்பு நுரையீரலோடு நிற்பதில்லை. துறைமுகத்தில் லாரி ஓட்டுபவரிடமும் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையோரக் கடைக்காரரிடமும் பேசிவிட்டு உங்கள் கேள்வியை எழுதுங்கள்.

2. பொருந்தாத தகவலை ஒதுக்காதீர்கள். மலேசியாவில் 1998-99-இல் பரவிய நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. குழந்தைகளைவிடப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பன்றிகளும் கடுமையாக இருமின. இந்த முரண்களின் பின்னணியில்தான், 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் நிப்பா வைரசைக் கண்டுபிடித்தார். அந்தப் பரவலுக்கு நாடு பெரும் விலை கொடுத்தது: நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர்.

3. மாதிரியின் நேரத்தை எழுதி வையுங்கள். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் உடலுக்கு வெளியே சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும். உறைய வைத்தாலும் பிழைக்காது. கிள்ளானில் எடுத்த இரத்தம் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கினால், நீங்கள் அளப்பது நோயை அல்ல, தாமதத்தை. ஊசி குத்திய நேரம், ஆய்வுக்கூடத்துக்கு வந்த நேரம் இரண்டையும் குறியுங்கள்.

4. நோயாளியிடம் அவர் மொழியில் பேசுங்கள். தோட்டத்திலிருந்து வந்த பாட்டியிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. எதற்காக இரத்தம் எடுக்கிறோம், வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையாது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். சளி கேட்கும்போதும், வாயில் ஊறும் எச்சில் உதவாது, காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுப்பதுதான் வேண்டும் என்று விளக்குங்கள்.

5. ஒப்பிடுவதற்குச் சரியான ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். குளிரூட்டிய அறையில் படிக்கும் மாணவர்களை, ஐம்பது வயதுத் துறைமுகத் தொழிலாளியுடன் ஒப்பிட முடியாது. வயது, புகைப்பழக்கம், குடியிருக்கும் இடம் ஒத்திருக்க வேண்டும். காசநோயை ஆராய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போடும் நாடு நம்முடையது. அந்த ஊசியாலும், காசநோய்க்கான மேன்டூ தோல் சோதனையில் தோல் தடிக்கலாம். இன்டர்ஃபெரான் காமா இரத்தச் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் உள்ளே உறங்கும் கிருமியையும் நோயையும் அதனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

6. எலியின் எல்லையை அறிந்திருங்கள். மனித இரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் பாதிக்கு மேல். எலியிலோ பெரும்பாலும் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். எலியில் ஆஸ்துமாவை அடக்கிய மருந்து மனிதரையும் குணப்படுத்தும் என்று எழுதாதீர்கள்.

7. எதிர்பாராத முடிவையும் வெளியிடுங்கள். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி ஆய்வு, அந்த ஊசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்று காட்டியது. உலகமே நம்பிய ஊசியைப் பற்றிய அந்த முடிவை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதால் ஊசி இன்றும் தொடர்கிறது. பெரியவர்களுக்கான புதிய தடுப்பூசியின் தேவையும் அந்த ஆய்வால் தெளிவானது.

ஆய்வு முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் எழுதி, இரத்தம் தந்தவர்கள் கையில் கொடுங்கள். அதைப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதழில் கட்டுரை வந்த பிறகும் அந்தக் கடமை பாக்கி இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.