உறைபனிக் காலையில் பழைய டீசல் ஜீப்

டிசம்பர், ஜனவரியில நம்ம மலையில தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். அந்நேரத்துலதான் கேரட் மூட்டையோட மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பணும். பழைய டீசல் ஜீப்போ பிக்கப்போ வச்சிருக்கற தம்பி, தங்கச்சிங்களுக்கு அக்கா முதல்ல சொல்றது இதுதான்: செல்ஃபை இழுத்துக்கிட்டே இருக்காதீங்க. பாட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் கருகும், வண்டி மட்டும் கிளம்பாது.

டீசல் இன்ஜின்ல தீப்பொறி கிடையாது. காத்தை ஏறக்குறைய இருபதுல ஒரு பங்கா நசுக்கி, அந்தச் சூட்டுலதான் டீசல் பத்திக்கணும். சில்லுன்னு கிடக்கற இரும்பு அந்தச் சூட்டைக் குடிச்சிடும். கெட்டிப்பட்ட ஆயிலால இன்ஜின் மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்தினா சூடு இன்னும் குறையும்.

அதனால உள்ளே சூடேத்தற ஹீட்டர் பிளக்கோட விளக்கு அணையற வரைக்கும் பொறுங்க. விளக்கு இல்லாத வண்டின்னா 15, 20 செகண்ட். ஹெட்லைட்டை அணைச்சு, கிளட்சை முழுசா மிதிங்க. கியர்பாக்ஸ் இழுவை இன்ஜினுக்கு வராது. 10 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க. எடுக்கலைன்னா ஒரு நிமிஷம் ஆறவிட்டு, திரும்ப ஹீட்டர் போடுங்க.

அப்பவும் எடுக்கலையா? சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, ஆனா பத்தலை. ஹீட்டர் பிளக், இல்லன்னா கம்ப்ரஷன். புகையே இல்லைன்னா டீசலே போகலை. மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, இழுத்து நிறுத்தற ஸ்டாப் குமிழை உள்ள தள்ளியிருக்கான்னு பாருங்க. அது சரின்னா ராத்திரியில ஏர் பிடிச்சிருக்கும். ஹேண்ட் பம்பைக் கைக்குக் கெட்டியாகற வரை அடிச்சு ஏர் எடுங்க. தினமும் இதே கதைன்னா டீசல் லைன்ல எங்கயோ காத்து இழுக்குது. ஹோஸையும் வாஷரையும் மாத்திடுங்க.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். பிளக்குகளைச் சேர்க்கற பட்டையைக் கழட்டிட்டு, பாட்டரி பாசிட்டிவ்ல இருந்து பல்பு வழியா ஒவ்வொரு பிளக் முனையிலும் தொட்டுப் பாருங்க. பல்பு எரியலைன்னா அந்தப் பிளக் போச்சு. நாலுல ரெண்டு போயிருந்தாலும் வெயில் காலத்துல வண்டி எடுத்துடும்; பனியிலதான் குட்டு வெளிப்படும். அக்டோபர்லயே பார்த்துடுங்க. 20-40 ஆயில் ஊத்தறவங்க அப்பவே 15-40க்கு மாறலாம். பாட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழ காட்டினா முந்தின நாளே சார்ஜ் போடுங்க.

லடாக் குளிர்ல டீசலே மெழுகாகிடும். அந்த மாதிரி இடத்துக்குன்னே இந்தியன் ஆயில் 2019ல மைனஸ் 33 டிகிரிக்கும் உறையாத டீசல் கொண்டுவந்தது. நம்ம மலையில பெரும்பாலும் குத்தம் டீசல் மேல இல்லை.

யார் எவ்வளவு சொன்னாலும், ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க. சூடான பிளக்ல பட்டா உள்ளேயே வெடிச்சு பிஸ்டனை உடைச்சிடும். ஆயில் சம்ப்புக்கு அடியில துணி கொளுத்தறதும் வேண்டாம். கொஞ்சம் டீசல் கசிஞ்சிருந்தாலும் வண்டியே எரிஞ்சிடும். இறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்றவங்க, இன்ஜின் ஓடாதப்ப பிரேக் மிதி கல்லா இருக்கும்னு மறக்காதீங்க.

எடுத்த உடனே ரேஸ் கொடுக்காதீங்க, ஆயில் மேல ஏறட்டும். ஷெட் கதவை முழுசாத் திறந்துட்டுத்தான் சாவியைத் திருப்பணும். மூடின ஷெட்டுல நிக்கற புகை ஆளைக் கொன்னுடும்.